நெத்து காயும் முன்னே

பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை போகும் சாலையை விட்டு இறங்கி, பரம்பிக்குளம்-ஆழியாறு (பி.ஏ.பி.) பாசனக் கிளை வாய்க்கால் கரையில் நடக்கிறேன். மாசி வெயில். வாய்க்காலில் தண்ணீர் நின்று நாளாகிவிட்டது. இரு பக்கமும் தென்னந்தோப்பு. நான் பார்க்க வந்த தோப்புக்கு வேலியே கிளைரிசிடியா மரங்கள்தாம். வேலியின் ஒரு பாதி பச்சைப் பசேலென்று இருக்கிறது. மறு பாதியில் ஓர் இலைகூட இல்லை. வெறும் கிளைகளில் வெளிர் சிவப்புப் பூ அப்பிக் கிடக்கிறது. இரண்டும் ஒரே மரத்தில் வெட்டி, ஒரே மழைக்கு ஊன்றிய போத்துகள்.

"ஐப்பசியில இந்தப் பக்கம் தழை ஒடிச்சமுங்க. அந்தப் பக்கம் ஒடிக்க ஆளு வரலீங்க. அவ்வளவுதானுங்க வித்தியாசம்" என்கிறார் தோப்புக்காரர்.

ஒடித்த மரம் மறுபடி துளிர்த்து, இலையோடு கோடைக்குள் நுழைகிறது. ஒடிக்காதது தன் பருவப்படி இலையை உதிர்த்துப் பூத்துவிட்டது. இன்னும் கொஞ்ச நாளில் நெத்து காய்ந்து வெடிக்கும். காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கும் வெளிநாட்டு மரங்களைக் கொங்கு நாட்டில் நடலாமா, கூடாதா என்று கேட்கத்தான் வந்திருந்தேன். விடையில் பெரும்பகுதி அந்த வேலியிலேயே இருந்தது.

தோப்புக்காரர் களைக்கொத்தை எடுத்து, சொட்டுநீர்க் குழாய் ஓரம் ஈரமாக இருந்த இடத்தில் ஓர் இளம் கிளைரிசிடியாவின் வேரைக் கிளறிக் காட்டினார். மெல்லிய வேர்களில் கடுகு அளவிலும் மிளகு அளவிலும் முண்டுகள். ஒன்றை நகத்தால் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பு. அந்த நிறம் இருந்தால் முண்டு வேலை செய்கிறது என்று அர்த்தம். உள்ளே குடியிருக்கும் ரைசோபியம் பாக்டீரியா காற்றின் நைட்ரஜனைச் செடி உண்ணும் வடிவத்துக்கு மாற்றுகிறது. நம் இரத்தத்தின் ஹீமோகுளோபினுக்கு உறவான ஒரு புரதம் அங்கே ஆக்சிஜன் அளவைக் கட்டுக்குள் வைக்கிறது. சிவப்பு அதனால் வந்தது. காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன் இருந்தும் பெரும்பாலான செடிகளால் அதைத் தொட முடியாது. இந்த மரத்தால் முடிகிறது.

இதில் ஒரு விஷயம் அடிக்கடி விட்டுப்போகிறது. மரத்தை நட்டுவிட்டால் அது தானாகவே மண்ணுக்குத் தழைச்சத்தை ஊட்டிக்கொண்டிருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். பிடித்த சத்தில் பெரும்பங்கை மரம் தன் இலையிலும் தண்டிலும் விதையிலும்தான் வைத்துக்கொள்கிறது. இலை உதிர்ந்தால், அல்லது நாம் ஒடித்துப் போட்டால்தான் மண்ணுக்கு வரும். கிளையை ஒடிக்கும்போது கீழே வேர்களும் முண்டுகளும் ஒரு பகுதி மடிந்து மக்குகின்றன. அதுவும் மண்ணுக்குச் சேரும். பக்கத்திலேயே யூரியாவைக் கொட்டினாலோ, மரம் காற்றிலிருந்து பிடிக்கிற வேலையைக் குறைத்துக்கொள்ளும்.

கணக்கு போட்டோம். கிளைரிசிடியாவின் காய்ந்த இலையில் ஏறக்குறைய 3 சதவீதம் தழைச்சத்து. பச்சைத் தழையில் முக்கால்வாசி தண்ணீர். ஆக 100 கிலோ பச்சைத் தழை போட்டால் முக்கால் கிலோ தழைச்சத்து. 45 கிலோ யூரியா மூட்டையில் இருப்பது 20 கிலோவுக்குச் சற்று மேல். ஒரு மூட்டைக்கு ஈடு செய்ய இரண்டே முக்கால் டன் தழை ஒடிக்க வேண்டும். நெட்டைத் தென்னை ஒன்றுக்கு வேளாண் பல்கலைக்கழகம் ஆண்டுக்குச் சொல்லும் யூரியா 1.3 கிலோ. அதற்கு ஈடு மரத்துக்கு 80 கிலோ தழை. முடியாத அளவு இல்லை. தென்னை இடைவெளியில் கிளைரிசிடியா வளர்த்து ஆண்டுக்கு மூன்று முறை ஒடித்தால் தோப்பின் தழைச்சத்துத் தேவையில் 90 சதவீதம் வரை கிடைக்கும் என்று காசர்கோட்டில் உள்ள மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனம் சொல்கிறது. சாம்பல்சத்து அப்படிக் கிடைக்காது. அதை வேறு வழியில்தான் போட வேண்டும்.

ஆனால் யூரியா மூட்டை மானியத்தில் 300 ரூபாய்க்கும் குறைவு. இரண்டே முக்கால் டன் தழையை ஒடித்து வட்டப்பாத்தியில் பரப்ப ஆகும் கூலி அதைப்போலப் பல மடங்கு. அதனால்தான் அந்தப் பாதி வேலி பூத்து நிற்கிறது. தழை போட்ட பாத்திக்குள் கையை விட்டுப் பார்த்தேன். மண் பொலபொலவென்று குளிர்ந்திருந்தது, மண்புழு இருந்தது. போடாத பாத்தி வெடித்துக் கிடந்தது. யூரியா இதைச் செய்யாது. நம் மானியக் கணக்கு தழைச்சத்தை மட்டும் எண்ணுகிறது, மண்ணின் ஈரத்தை எண்ணுவதில்லை. எனக்கு இதில் வருத்தம் உண்டு.

மெக்சிகோவையும் மத்திய அமெரிக்காவையும் பூர்வீகமாகக் கொண்டது இந்த மரம். இலங்கையில் தேயிலை, ரப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது தோட்டப்பயிர் என்றே இதை அறிவித்தார்கள். மின்சாரம் எடுக்க விறகு, மாட்டுக்குத் தழை, மண்ணுக்கு உரம் என்று மூன்று வேலைக்கு. கொங்கில் இதைப் போத்து ஊன்றித்தான் வளர்க்கிறார்கள். ஊன்றிய இடத்தில் நிற்கிறது. வேலியைத் தாண்டி விதையில் முளைத்த கன்று ஏதும் தென்படுகிறதா என்று வாய்க்கால் வரை தேடினேன். பூத்த பாதிக்கு அடியில் மட்டும் சில இருந்தன.

வாய்க்கால் கரையில் அடர்ந்து நின்றது வேறு மரம். சவுண்டல். புத்தகங்களில் சூபாபுல். அதுவும் மெக்சிகோ பக்கத்து மரம், அதுவும் வேர்முண்டு உள்ள மரம், தழையில் கிளைரிசிடியாவுக்குக் குறையாத சத்து. 1970களிலும் 80களிலும் இதை அதிசய மரம் என்று ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். தீவனம், விறகு, காகிதக் கூழ், உரம் எல்லாம் ஒன்றிலேயே. 1980களில் ஒரு சாறுறிஞ்சிப் பூச்சி பசிபிக் தீவுகள் வழியாக ஆசியாவுக்குள் வந்து, தமிழ்நாட்டிலும் இதன் கொழுந்துகளைக் கருக்கியது. அந்த ஆர்வம் அடங்கிவிட்டது. மரம் மட்டும் போகவில்லை.

தோப்பின் பின்பக்கம் ஆட்டுப்பட்டி. அதையொட்டி இதே சவுண்டலை இடுப்புயர வேலியாக வைத்திருக்கிறார்கள். நாற்பது நாளைக்கு ஒருமுறை வெட்டு. அங்கே ஒரு பூகூட இல்லை. வெள்ளாடு வேலியை விட்டு நகரமாட்டேன் என்கிறது. அந்த வீட்டு அம்மாதான் பட்டியைப் பார்த்துக்கொள்கிறார். "சவுண்டலையே போட்டா மசுரு கொட்டுமுங்க. சோளத்தட்டோட கலந்து, மூணுல ஒரு பங்கு போடோணும்" என்றார். அவர் சொன்னது சரி. இலையில் மைமோசின் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. ஹவாய் ஆடுகளின் வயிற்றில் அதை முறிக்கும் பாக்டீரியா வாழ்வதை ஆஸ்திரேலிய விஞ்ஞானி ரேமண்ட் ஜோன்ஸ் 1980களின் தொடக்கத்தில் கண்டறிந்து, அதைத் தன் நாட்டு மாடுகளுக்குக் கொடுத்துப் பழக்கினார். அதிலிருந்து அங்கே சவுண்டல் மேய்ச்சல் பெருகியது. கூடவே ஆற்றங்கரைகளில் சவுண்டல் காடும் பெருகியது.

பட்டி வேலிக்கும் வாய்க்கால் கரைக்கும் நடுவில் நூறடி தூரம். கரையில் நிற்பதை யாரும் வெட்டுவதில்லை. கொத்துக் கொத்தாகப் பழுப்பு நெத்து. ஒரு நெத்தைப் பிரித்தால் இருபது விதை. மகரந்தம் தேடி வேறு மரத்துக்குப் போகத் தேவையில்லாமல் தனக்குத்தானே விதை பிடிக்கும். ஓராண்டுக்குள் பூக்கத் தொடங்கும். கெட்டித் தோல் உள்ள விதை மண்ணுக்குள் பல ஆண்டுகள் முளைக்காமல் காத்திருக்கும். கரையில் இதைத் தவிர ஒரு செடி இல்லை. அரப்பு, புங்கன், நொச்சி எல்லாம் இருந்த கரை என்றார் தோப்புக்காரர். உலகின் மிக மோசமான 100 ஊடுருவும் உயிரினங்கள் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிட்ட பட்டியலில் சவுண்டல் உண்டு. பட்டி வேலியில் நிற்பதும் அதே மரம்தான்.

தழை வேண்டுமென்றால் பூக்கும் முன்னே வெட்ட வேண்டும். பரவாமல் இருக்க வேண்டுமென்றாலும் பூக்கும் முன்னே வெட்ட வேண்டும். நன்மையைக் கொடுப்பதும் தீமையைத் தடுப்பதும் ஒரே கொடுவாள். அதைப் பிடிக்க ஆண்டுக்குப் பலமுறை ஆள் வருவார் என்ற உறுதி இல்லாத இடத்தில் சவுண்டலை நடக் கூடாது என்பது என் முடிவு. பள்ளிக்கூடச் சுற்றுச்சுவர் ஓரம், குளக்கரை, புறம்போக்கு, சாலையோரம் எல்லாம் அப்படிப்பட்ட இடங்கள். மரம் நடு விழாவுக்கு வேகமாக வளர்கிறது என்பதற்காக இதைத் தேர்ந்தெடுப்பவர்களிடம் இதைக் கேட்டாக வேண்டும்: மூன்றாம் ஆண்டு யார் வந்து வெட்டுவார்? விதை பிடிக்காத கலப்பினச் சவுண்டலை ஹவாய் பல்கலைக்கழகம் உருவாக்கியிருக்கிறது. அதுபோன்ற ஒன்று நம் உழவர் கைக்கு வருகிறவரை, பொது இடத்துக்குப் புங்கனும் வாகையும் போதும். அவற்றுக்கும் வேர்முண்டு உண்டு. கொங்கு உழவர்கள் வயலில் மிதித்த தழைகளில் புங்கந்தழையும் ஒன்று.

வெளிநாட்டு மரம் என்பதே குற்றம் என்று சொல்லவில்லை. கொடுக்காப்புளியும் மெக்சிகோ மரம். கொங்கின் வேலிகளில் எத்தனையோ தலைமுறையாக நின்று பிள்ளைகளுக்குத் தின்னக் கொடுக்கிறது. சவுக்கு இன்னொன்று. அது அவரைக் குடும்பமே இல்லை. அதன் வேரில் பிராங்கியா என்ற வேறொரு நுண்ணுயிர் நைட்ரஜனைப் பிடிக்கிறது. கோவையில் 1988-இல் தொடங்கிய வன மரபியல் மற்றும் மரப் பெருக்க நிறுவனம் சவுக்கில் கலப்பினங்களை உருவாக்கி உழவர்களுக்குத் தந்திருக்கிறது. கரூர் மாவட்டக் காகிதபுரத்திலும் பள்ளிபாளையத்திலும் உள்ள ஆலைகள் சவுக்கை வாங்குகின்றன. நட்டவர் சில ஆண்டுகளில் அடியோடு வெட்டி எடுத்துவிடுகிறார். அமெரிக்காவின் புளோரிடா கடற்கரையில் அதே சவுக்கு ஊடுருவும் மரம். அங்கே அறுவடை செய்ய யாரும் இல்லை.

பல்லடம் தாண்டிக் காங்கயம் பக்கம் வந்தபோது மண்ணும் வெளிச்சமும் மாறிவிட்டன. குட்டப்பாளையம் போகும் வழியில் ஒரு கொரங்காட்டுக்குள் நுழைந்தேன். கொரங்காடு என்பது இந்தப் பகுதி உழவர்கள் தாங்களே கட்டிக்காத்த மேய்ச்சல் நிலம். முள்ளுக்கிளுவை உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், அங்கங்கே குடை விரித்த வெள்வேல மரம். மாசியில் புல் காய்ந்து வெளுத்திருந்தது. மயிலை மாடுகள் வெள்வேல நிழலில் அசைபோட்டுக்கொண்டிருந்தன. பழையகோட்டைப் பட்டக்காரர்கள் பேணி வளர்த்த காங்கயம் இனம் இந்தப் புல்லில் வளர்ந்ததுதான். ஆண்டுக்கு 600, 700 மில்லிமீட்டர் மழைக்கு மேல் காணாத மண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

காட்டுக்காரர் என்னை வேலியோரம் கூட்டிக்கொண்டுபோய் ஒரு கன்றைக் காட்டினார். முழங்கால் உயரம், முள், சிறு இலை. வேலிகாத்தான், அதாவது சீமைக் கருவேலம். "இட்டேரியில போற செம்மறி போட்ட புழுக்கையில மொளைச்சதுங்க. மழை பேஞ்ச ஈரத்துல கையில புடுங்கிப்போடலாம். ஒரு வருசம் உட்டுட்டா கடப்பாரை. மூணு வருசம் உட்டுட்டா பொக்லைனு." அவர் காட்டில் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் கன்றுகள். இட்டேரி என்ற வேலிப்பாதைக்கு அந்தப்புறம் பக்கத்துக் காடு. உரியவர்கள் திருப்பூருக்குப் போய்ப் பல காலம் ஆகிறதாம். உள்ளே மனிதன் நுழைய இடமில்லாமல் வேலிகாத்தான் மூடியிருக்கிறது. ஒரே மண், ஒரே மழை, நடுவில் பத்தடி அகல இட்டேரி.

1870களின் கடைசியில் ஜமைக்காவிலிருந்து வேலிகாத்தான் விதை தருவித்து அன்றைய மெட்ராஸ் மாகாணத்தின் கடப்பைப் பகுதியில் நட்டார்கள். விறகுக்கும் வேலிக்கும் என்று பின்னால் எங்கும் பரப்பினார்கள். காரணம் நியாயமானது, விறகுப் பஞ்சம் உண்மையாகவே இருந்தது. நெத்தின் இனிப்புக்கு ஆடு மாடுகள் ஓடி வரும் என்பதும், வயிற்றுக்குள் போய் வெளிவரும் விதை இன்னும் நன்றாக முளைக்கும் என்பதும்தான் கணக்கில் இல்லை. இந்த மரம் காற்றின் ஈரத்தை உறிஞ்சி மழையைத் தடுக்கிறது என்று மேடைகளில் சொல்கிறார்கள். அது உண்மையில்லை. பொய்யைச் சொல்லி ஒரு நல்ல காரியத்தை நடத்தத் தேவையில்லை. புல் அழிவது ஒன்றே போதுமான காரணம்.

வேலிகாத்தானும் தழைச்சத்தைப் பிடிக்கும் மரம்தான். அதற்கடியில் மண்ணைச் சோதித்தால் தழைச்சத்து கூடித்தான் இருக்கும். ஆனால் அந்தச் சத்து கொழுக்கட்டைப்புல்லுக்குப் போய்ச் சேர்வதில்லை. நிழலும் முள்ளும் அதை உள்ளே விடுவதில்லை. வறண்ட, சத்துக் குறைந்த நிலத்துக்கென்றே பழகிய புல்லும் செடியும் உண்டு. அங்கே தழைச்சத்தை ஏற்றினால் நிலத்தின் குணமே மாறுகிறது. ஹவாயின் எரிமலை மண்ணில் மோரெல்லா பாயா என்ற நைட்ரஜன் பிடிக்கும் வெளிநாட்டு மரம் புகுந்து, நைட்ரஜன் வரத்தைப் பல மடங்கு ஆக்கிவிட்டதைப் பீட்டர் விட்டோசெக்கும் உடனிருந்தவர்களும் 1987-இல் எழுதினார்கள். மண் வளமாவது எப்போதும் நல்லது என்ற எண்ணத்தை அந்த ஆய்வு உலுக்கியது. குஜராத்தின் பன்னி புல்வெளியில் உப்பு பரவாமலிருக்க 1961-இல் வனத்துறை இதே சீமைக் கருவேலத்தைச் சுமார் 31,000 ஹெக்டேரில் நட்டது. இன்று எருமை மேய்ப்பவர்கள் புல்லைத் தேடி அலைகிறார்கள். கொரங்காட்டுக்காரர்கள் பன்னியைப் பார்த்ததில்லை, ஆனால் அந்தப் பயம் அவர்களுக்குத் தெரியும்.

கொங்கின் தண்ணீரிலும் இந்தக் கதை இருக்கிறது. அப்பர் பவானி, அவலாஞ்சி பக்கம் முன்பு போயிருந்தபோது சோலைக்கு வெளியே புல்வெளி இருக்க வேண்டிய சரிவுகளில் வாட்டில் மரம் நெருக்கியடித்து நிற்பதைப் பார்த்தேன். நீலகிரியில் சீகை மரம் என்பார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து 19-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் வந்தது. தோல் பதனிடப் பட்டைக்காகவும், பின்னாளில் சிறுமுகை விஸ்கோஸ் ஆலை போன்றவற்றின் கூழுக்காகவும் தோட்டமாக்கினார்கள். ஆலை மூடிவிட்டது. விதை ஐம்பது ஆண்டுகூட மண்ணில் உயிரோடு கிடக்கும். தீ வைத்தால் கூட்டமாக முளைக்கும். அந்தப் புல்வெளிகள் பிடித்து வைத்து விடும் நீர்தான் பவானியாக இறங்கி, பில்லூரில் தேங்கி, கோவைக்குக் குடிநீராக வருகிறது. மலைமேல் நட்டதற்கும் கோவையில் குழாயைத் திறப்பதற்கும் நேரான தொடர்பு உண்டு.

கடைசியாக ஒரத்துப்பாளையம். நொய்யலின் குறுக்கே 1992-இல் திறந்த அணை. பாசனத்துக்குக் கட்டியது, திருப்பூர் சாயக்கழிவு வந்து தேங்கியதால் உழவர்களே இந்தத் தண்ணீர் வேண்டாம் என்று நீதிமன்றம் போனார்கள். சாய ஆலைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது வரை அந்த வழக்கு நீண்டது. இன்று அணையின் உட்புறத்தில் நடந்தால் உப்புப் பூத்த மண், அதன்மேல் வேலிகாத்தான் காடு. வேறு மரம் ஏதும் நிற்க மறுத்த இடத்தில் இது நிற்கிறது. மண்ணை மூடுகிறது, விறகு தருகிறது. விறகு வெட்டுகிறவர்கள் நூலுக்குக் கஞ்சி போடும் சைசிங் பட்டறைகளின் பாய்லருக்கு லோடு ஏற்றுகிறார்கள். இதை ஒரே நாளில் ஒழித்துவிட வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக் கருவேலத்தை அகற்றச் சொன்னபோது ஊரெங்கும் பொக்லைன் ஓடியது. அதே ஆண்டில் இடைக்காலத் தடையும் வந்தது. தூர் விட்டு வெட்டிய இடங்களில் ஒன்றுக்கு ஐந்தாகத் துளிர்த்தது. 2022-இல் தமிழக அரசு ஊடுருவும் தாவரங்களுக்கென்று தனிக் கொள்கை வகுத்தது. அதன் தலைப்பிலேயே சூழலை மீட்பதும் சேர்ந்திருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. வேரோடு எடுத்து, அடுத்த மழையில் முளைப்பதைப் பிடுங்கி, அந்த இடத்தில் புல்லோ நாட்டு மரமோ எழும்வரை கூட இருந்தால்தான் அது நடக்கும். கொரங்காட்டில் தொடங்குவதா, அணைக்குள் தொடங்குவதா என்றால் கொரங்காடுதான் முதலில். அங்கே காப்பாற்றப் புல் இன்னும் இருக்கிறது.

அணைக்கரையில் வெள்ளாடு மேய்த்துக்கொண்டிருந்த ஆத்தாவிடம் உட்கார்ந்தேன். "வெட்டோணுங்கறாங்க. வெட்டினா ஆட்டுக்கு நெழலும் இல்ல, நெத்தும் இல்ல, அடுப்புக்கு வெறகும் இல்ல சாமி" என்றார். நெத்து காயும் மாதங்களில் பட்டியைக் கொரங்காட்டுப் பக்கம் ஓட்டும் முன் ஒரு வாரம் நெத்து கொடுக்காமல் இங்கேயே கட்டினால் விதை அங்கே போகாது என்றேன். பன்னி புல்வெளி உள்ள கட்ச் பகுதியில் பெண்கள் நெத்தைப் பொறுக்கி விலைக்குப் போடுவதையும், விதையோடு அரைத்துத் தீவனத்தில் கலப்பதையும் சொன்னேன். அரைத்துவிட்டால் முளைக்க எதுவும் மிஞ்சாது, ஆட்டுக்குச் சத்தும் போய்ச் சேரும். ஆத்தா அதைக் கவனமாகக் கேட்டார்.

"நெத்துப் பொறுக்கறதுக்கு எங்கூட நாலு பொம்பளைங்க வருவாங்க. சித்திரையில மூட்டை மூட்டையாக் கெடக்கும். அரைக்கற மில்லு சென்னிமலையில எங்கியாச்சும் இருக்குதான்னு கேட்டுச் சொல்லு சாமி. கிலோவுக்கு என்ன தருவாங்கன்னும் கேளு."